பலகையின் அடிப்பக்கம்

கடைசியாக இருவரும் சேர்ந்து செய்த வேலை, அஸ்ஸன் நகரில் ஒரு நில அளவை அலுவலகத்தின் சர்வர் அறைக்குத் தளம் போட்டது. யான்டினாவுக்கு அந்த அலுவலகத்தில்தான் உத்தியோகம். கணினி வலைப்பின்னல் அவள் பொறுப்பு. அவளுடைய அப்பா லுபர்ட் வீர்ஸ்மா வாழ்நாளெல்லாம் போட்டது இந்தப் பொய்த் தளங்களைத்தான். கான்கிரீட்டின் மேல் வரிசையாக இரும்புக் கால்களை ஒட்டி, அவற்றின் தலையில் சதுரப் பலகைகளை உட்கார வைப்பது. அடியில் கிடைக்கும் இடைவெளியில் கேபிளும் குளிர்காற்றும் ஓடும். மேலே இயந்திரங்கள் நிற்கும். லுபர்ட் ஓய்வு பெற்று வெகுநாளாகிவிட்டது. ஆனாலும், சின்ன அறை, வெளி ஆளைக் கூப்பிட்டால் மாதக்கணக்கில் இழுத்தடிப்பான் என்று மகள் சொன்னதும் முட்டிக் கவசங்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

முதல் நாள் கால்களை ஒட்டினார்கள். பசை இறுகட்டும் என்று ஓர் இரவு விட்டு, மறுநாள் மட்டம் பார்த்தார்கள். லேசர் கோட்டை அவள் கவனிக்க, அவர் ஒவ்வொரு காலாகத் தவழ்ந்து போய் மரையைத் திருகினார். ஏற்று, போதும், ஒரு துளி இறக்கு என்பதற்கு மேல் பேச்சில்லை. காபி நேரத்தில் அவர் கறுப்பு ரொட்டியும் காய்ந்த தொத்திறைச்சியும் எடுத்தார். அவளுடைய டப்பாவிலிருந்த பச்சை இலைகளை எட்டிப் பார்த்தார்.

"முயல் கூண்டுலேர்ந்து பிடுங்கிட்டு வந்தியா?"

"உன் முட்டிய விட முயல் நல்லாத்தாம்ப்பா ஓடுது."

அவர் சிரித்தார். அதன் பிறகு அவர் சிரித்து அவள் பார்க்கவில்லை.

புதுப் பலகைகளில் சில லாரியில் முனை நசுங்கி வந்திருந்தன. கதவோரம் ஒரு வரிசைக்குக் குறைந்தது. லுபர்ட் வண்டிக்குப் போய்ப் பழைய பலகைகள் ஒரு கட்டு தூக்கி வந்தார். அவர் கொட்டகையில் அப்படி ஒரு குவியல் எப்போதும் உண்டு. எங்காவது ஒரு பழைய கணினிக் கூடத்தைப் பிரித்தால் நல்ல பலகைகளைக் குப்பைத் தொட்டிக்குப் போகவிட மாட்டார். அந்தக் காலத்துச் சரக்கு, அடித்தகடு கண்ணாடி மாதிரி மின்னும், இப்போது இப்படி யார் செய்கிறான் என்றார்.

யான்டினா ஒன்றைப் புரட்டினாள். டார்ச்சைத் தகட்டின் ஓரத்தில் கிடைமட்டமாக வைத்து அடித்தாள். பயிற்சியின்போது ஒருமுறை காட்டியிருக்கிறார்கள். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"ப்பா, இங்க வா. தலையத் தரையோட வச்சுப் பாரு."

அவர் படுத்துப் பார்த்தார். தகட்டின் மேல் ரோமம் முளைத்திருந்தது. பூனைக்குட்டியின் காதில் இருக்குமே, அந்த மாதிரி. வெளிச்சம் அசைந்தபோது அது வெள்ளியாக மினுக்கியது.

அவள் விளக்கினாள். மின்முலாமாகப் பூசிய துத்தநாகம் வருஷங்கள் போகப் போகத் தானாகவே இழை விடும். தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது, ஆனால் உலோகம். பலகையைத் தூக்கும்போது உதிரும். குளிர்காற்றோடு ஏறி இயந்திரத்துக்குள் போகும். இரண்டு முனைகளுக்கு நடுவே விழுந்தால் ஷார்ட் ஆகும். அந்த நொடியே இழை எரிந்து ஆவியாகிவிடும். இயந்திரம் எதனால் செத்தது என்று திறந்து பார்ப்பவனுக்கு ஒன்றும் கிடைக்காது.

எத்தனை வருஷத்தில் முளைக்கும் என்று கேட்டார். பத்து, இருபது, சொல்ல முடியாது என்றாள். துணியால் துடைத்தால் போகாதா என்றார். கூடாது என்றாள். பிறகு, "வேக்குவம் போட்டா?" என்றார்.

"அதுதான் ரொம்ப மோசம். சுத்தம் பண்றேன்னு ஒவ்வொரு பலகையா எடுத்து வச்சா, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிளம்பும்."

அவர் தளத்தின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். கிணற்று மேட்டில் உட்கார்ந்தவர் போல கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரென்ட் ரூம்ல நான் போட்டது இதே பலகை, புள்ள."

எந்த பெரென்ட் என்று அவள் கேட்கவில்லை. அந்த வட்டாரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

தனியாக வாழும் வயசாளிகளின் கழுத்தில் ஒரு பட்டன் தொங்கும். விழுந்தால், நெஞ்சு வலித்தால் அழுத்த வேண்டும். அந்த அழைப்புகள் வின்ஸ்கோட்டனில் ஒரு சிறிய அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தன. பெரென்ட் தைக்கெமா அங்கே இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர். ஒரு குளிர்காலத்தில் அந்த இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. மாற்றினார், மாற்றியதும் செத்தது. அப்படி ஒரு இரவில் ஒரு விதவை குளியலறையில் வழுக்கி விழுந்தாள். விடியும்வரை பட்டனை அழுத்தியிருக்கிறாள். கட்டைவிரல் நகம் கன்றியிருந்தது என்று காலையில் அவளைப் பிணமாகக் கண்ட நர்ஸ் சொன்னாள்.

விசாரணை நடந்தது. இயந்திரம் செய்தவர்கள் வந்து பார்த்து எங்கள் பக்கம் குறையில்லை என்றார்கள். மின்சாரக்காரர்களும் அப்படியே. மிஞ்சியது பராமரிப்பு. பராமரிப்பு என்றால் பெரென்ட். வேலை போனது, உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. அவர் மனைவி தங்கை வீட்டுக்குப் போனவள் அங்கேயே இருந்துவிட்டாள். கடையில் அவர் நிற்கும் வரிசையில் மற்றவர்கள் நிற்பதில்லை. இது நடந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"அவன் மூணு மாசத்துக்கு ஒருதரம் தளத்த மொத்தமாத் தெறந்து வேக்குவம் போடுவான்" என்றார் லுபர்ட். "வேற எவனும் செய்ய மாட்டான். தளத்துக்கு அடியில தூசி இருக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அந்த அலுவலகத்துக்கு, விசாரணை நடத்தியவர்களுக்கு, பத்திரிகைக்கு எல்லாம் எழுதிப் போடலாம், தானே எழுதுகிறேன் என்றாள் யான்டினா. நிரூபிக்க முடியாமல் போகலாம். ஆனால் அந்த அறையில் பலகை இன்னும் கிடக்கும், டார்ச் அடித்துக் காட்டினால் போதும்.

"நீ ஒண்ணும் எழுத வேணாம். நான் போட்ட தளம். முதல்ல அவனுக்குத் தெரியணும். நானே போய் அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்றேன். சனிக்கிழமை போறேன்."

பழைய பலகைகளை வண்டியில் திருப்பி ஏற்றினார்கள். குறைந்த வரிசைக்குப் புதியவை வந்த பிறகு மீதியை முடித்தார்கள். முடிந்ததும் அவர் வழக்கம்போல் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு அறை முழுக்க நடந்தார். எந்தப் பலகை ஆடுகிறது என்று பாதத்துக்குத்தான் தெரியும் என்பார். எதுவும் ஆடவில்லை.

லுபர்ட் பிறந்தது பெகெலாவில். வைக்கோலை வேகவைத்து அட்டை செய்யும் ஆலைகள் இருந்த ஊர். கால்வாய்த் தண்ணீர் அழுகிய முட்டையாக நாறும். அவர் அப்பா ஆலைக்காரர். மகன் தச்சு கற்றுக்கொண்டு அலமாரி செய்தான். ஆலைகள் மூடியபோது ஊரில் அலமாரி வாங்க ஆள் இல்லாமல் போனது. அந்தச் சமயம் க்ரோனிங்கன் நகரில் ஒரு வங்கி கணினிக் கூடம் கட்டியது. நேராக அறுக்கத் தெரிந்த கைகள் வேண்டும் என்றார்கள். அங்கே ரூல்ஃப் என்பவரோடு ஜோடி சேர்ந்தார். அதன் பிறகு இருவரும் பிரியவில்லை. ஃப்ராங்க்ஃபர்ட், லக்ஸம்பர்க், பிரஸ்ஸல்ஸ் என்று வங்கிகள் எங்கெல்லாம் கணினி வைத்தனவோ அங்கெல்லாம் போனார்கள். ஞாயிறு மாலை கிளம்பினால் வெள்ளி இரவு வீடு. வண்டியில் ரூல்ஃப் பேசுவார், லுபர்ட் ஓட்டுவார்.

யான்டினாவுக்கு அப்பா என்பது வார இறுதி. மரத்தூள் வாசனை, சோபாவில் தூக்கம், சைக்கிளுக்குக் காற்று. அவள் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த வருஷம் அம்மா ஹென்னி பிரிந்து போனாள். அன்று லுபர்ட் ஒரு வார்த்தை பேசவில்லை. மாடிப்படிகளைப் பெயர்த்து, ஒவ்வொன்றாக இழைத்து, மறுபடி பொருத்தினார். கிரீச்சிடாத படி என்று அக்கம்பக்கத்தார் மெச்சினார்கள். ஹென்னி அதைக் கேள்விப்பட்டுச் சொன்னது யான்டினாவுக்கு இன்றும் நினைவிருக்கிறது: அந்தப் படி கிரீச்சிட்டதே எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை என்பதுதான்.

அவர் போட்ட தளத்தை யாரும் அழகென்று சொன்னதில்லை. குனிந்து பார்த்தவர்களும் இல்லை. அதனால் அவருக்குக் குறையொன்றுமில்லை. ஆனால் முதன்முதலில் போட்ட அந்த வங்கித் தளத்தை, வங்கி கூடத்தை மூடியபோது, பிரித்துப்போட அவரையே கூப்பிட்டார்கள். குப்பைக்குப் போக இருந்த பலகைகளின் அடிப்பக்கம் போட்ட அன்று போலவே மின்னியது. அவர் பார்வையில் மின்னுவதுதான் தரம். மங்கலான சாம்பல் பூச்சு மட்டரகம். அந்தத் தொழிலில் அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். உண்மையில் அந்த மங்கலான பூச்சு இழை விடாது.

பலகைகளைக் கொட்டகையில் அடுக்கினார். பிறகு பட்டன் அலுவலகம் அவரிடம் வந்தது. கையில் காசில்லாத சங்கம். லுபர்ட் பலகைகளைச் சும்மா கொடுத்தார். லக்ஸம்பர்க் கூடங்களைப் பற்றி ஒருநாளும் பேசாத மனிதர் இதை மட்டும் இரண்டு மூன்று தடவை மகளிடம் சொல்லியிருக்கிறார். வயசானவர்களுக்கு ஆகிற வேலை, நல்ல பலகை போட்டேன் என்று.

அஸ்ஸன் வேலை முடிந்த முதல் சனிக்கிழமை மாலை அவள் போன் செய்தாள்.

"போனியாப்பா?"

"போயிட்டு இப்பத்தான் வர்றேன்."

"எப்படி எடுத்துக்கிட்டார்?"

"நல்ல மனுஷன்" என்றார்.

அவளுக்கு நெஞ்சு லேசானது. அடுத்த சனிக்கிழமையும் அவர் போனார் என்று தெரிந்தது. அதற்கடுத்ததும். இருவருக்கும் பழக்கமாகிவிட்டது போல, நல்லதுதான் என்று எண்ணினாள். கடிதம் எழுதுவதைப் பற்றி ஒருமுறை கேட்டாள். மெதுவாப் பாக்கலாம் என்றார். அவர் குரல் களைத்திருந்தது. எழுபதைத் தாண்டிய தச்சனின் குரல் களைத்திருக்காமல் எப்படி இருக்கும்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை ரூல்ஃப் போன் செய்தார். லுபர்ட் கொட்டகையில் கிடந்தார். இதயம். பழைய பலகைகளை ஒவ்வொன்றாக பிளாஸ்டிக் தாளில் சுற்றி, விளிம்புகளை டேப் போட்டு மூடிக்கொண்டிருந்திருக்கிறார். பாதிக் குவியல் முடிந்திருந்தது. என்னத்துக்கு இந்தக் குப்பையை இப்படிப் பொட்டலம் கட்டினான் என்று ரூல்ஃப் திரும்பத் திரும்பக் கேட்டார். மீதிப் பலகைகளை யான்டினாவே சுற்றி மூடினாள். அதற்குள் யாரும் தொடக் கூடாது என்று கொட்டகையைப் பூட்டியிருந்தாள்.

எரியூட்டிய பிறகு கூடத்தில் காபியும் உலர்திராட்சை ரொட்டியும் வைத்திருந்தார்கள். வந்தவர்கள் குறைவு. ஹென்னி வந்து ஒரு மூலையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் உள்ளே வந்தவரைப் பார்த்ததும் பேச்சு தணிந்தது. உயரமான, கூனிய மனிதர். கறுப்புக் கோட்டின் கை குட்டையாக இருந்தது. காபி மேசைப் பக்கம் போனார்; அங்கே நின்றவர்கள் விலகினார்கள். அவர் கோப்பையை எடுக்காமல் நேரே யான்டினாவிடம் வந்தார்.

தான் பெரென்ட் என்றார். கையைக் கொடுத்தவர் உடனே விடவில்லை.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை உங்கள் அப்பா வாசலில் வந்து நின்றார் என்று சொன்னார். வருஷக்கணக்கில் மீட்டர் பார்ப்பவனைத் தவிர அந்த வாசலுக்கு யாரும் வந்ததில்லையாம். உள்ளே வந்தார், காபி குடித்தார், ஏதோ சொல்ல வந்தவர் போல இருந்தார். பிறகு மழைநீர்க் குழாய் தொங்குவதைப் பார்த்து ஏணி கேட்டார். அடுத்த வாரம் பின்கதவு. அதற்கடுத்த வாரம் குளியலறை ஓடு.

"நான் பேசிக்கிட்டே இருப்பேன், அவர் வேலை செஞ்சுக்கிட்டே இருப்பார்" என்றார் பெரென்ட். "அந்தக் குளிர்காலத்துல நான் செஞ்சது ஒவ்வொண்ணையும் வரிசையாச் சொல்லுவேன். எங்க தப்பு விட்டேன்னு அவராவது கண்டுபிடிப்பாரோன்னு. டெக்னிக்கலாத் தெரிஞ்ச மனுஷன் இல்லையா. எல்லாத்தையும் கேப்பார். ஒரு தடவகூட என்னைக் குத்தம் சொல்லல."

அப்பா இவரிடம் சொல்லவேயில்லை என்று யான்டினாவுக்குப் புரிந்தது. அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். கடைசியாக வந்த சனிக்கிழமை கிளம்பும்போது, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் பெரென்ட், அடுத்த வாரம் சொல்றேன் என்றாராம்.

"என்னன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

அவளைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள். நாளைக்கு வீட்டுக்கு வரலாமா என்று மட்டும் கேட்டாள். அவர் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

எல்லாரும் போன பின் ரூல்ஃபிடம் சொன்னாள். இழை, பலகை, வேக்குவம், எல்லாவற்றையும். அவர் நாற்காலியில் அமர்ந்து தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். அந்தத் தளத்துக்குக் கால் ஒட்டியது அவரும்தான்.

"சொல்லாத" என்றார். "உங்கப்பன் போயிட்டான். அவன் பேரு நல்லபடியா இருக்கு. இவனுக்கும் ஒரு சிநேகிதன் இருந்தான்னு ஆச்சு. ரெண்டையும் ஏன் கெடுக்குற?"

"அவர் இன்னும் தன் தப்பத் தேடிக்கிட்டு இருக்கார் ரூல்ஃப் மாமா."

"சொன்னா மட்டும் என்ன ஆகும்? தன் கையாலதான் அந்த இழையக் கிளப்பி விட்டோம்னு அவனுக்குத் தெரியும். சுத்தம் பண்ணிச் சுத்தம் பண்ணி ஒரு பொம்பளையச் சாகடிச்சோம்னு. அது மேலா?"

வண்டியோட்டி வீடு வரும் வழியெல்லாம் அதையே யோசித்தாள். ரூல்ஃப் சொன்னதில் பொய் இல்லை. அப்பாவும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏணி மேல் நின்று இதைத்தான் யோசித்திருப்பார். சொன்னால் பெரென்டுக்குப் பெயர் திரும்பும். வந்து போன ஒரே மனிதர் போய்விடுவார். உயிரோடு இருந்தவரை அப்பாவால் அதைச் சொல்ல முடியவில்லை. இப்போது அந்த மனிதர் எப்படியும் போய்விட்டார். மிச்சம் இருப்பது பெரென்டின் பெயர் மட்டும்தான்.

மறுநாள் காலை வின்ஸ்கோட்டன் போனாள். மழைநீர்க் குழாய் நேராக இருந்தது. பின்கதவு ஒரு விரல் தள்ளலில் திறந்தது. பெரென்ட் புது மேசைவிரிப்பு விரித்து, பேக்கரியில் கேக் வாங்கி வைத்திருந்தார். இரண்டு கோப்பை, இரண்டு தட்டு. சுவரில் எதுவும் மாட்டியிருக்கவில்லை.

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு கிண்ணம் வைத்திருந்தார். அவள் அந்தப் பக்கம் பார்த்ததும் அவர் சங்கடத்தோடு சிரித்தார். அடுத்த தடவை வரும்போது வாஷர் மாற்றித் தருவதாக உங்கள் அப்பா சொல்லியிருந்தார் என்றார். வாஷரை வாங்கியும் வைத்துவிட்டார். ஜன்னல் திட்டில், ஒரு சாசரில் இருந்தது. பக்கத்தில் ஸ்பேனர்.

"உங்களுக்கு இதெல்லாம் வருமா? அவர் பொண்ணு, வராம இருக்குமா" என்றபடி ஸ்பேனரை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அவளுக்கு வரும். தண்ணீரை அடைத்து, பிடியைக் கழற்றி, வாஷரைப் போட்டு மூடினால் வேலை முடிந்தது. அதற்குள் காபி ஆறிவிடும், புதிதாகப் போடுவார். பின்கதவு எவ்வளவு நன்றாக மூடுகிறது என்று சொல்லுவார். அடுத்த சனிக்கிழமைக்கு இன்னொரு வேலை அந்த வீட்டில் நிச்சயம் இருக்கும்.

ஸ்பேனரை மேசைவிரிப்பின் மேல் வைத்தாள்.

"குழாய அப்புறம் பாக்கலாம். உக்காருங்க பெரென்ட்."

அவர் உடனே உட்கார்ந்தார். விசாரணைக்கு உட்கார்ந்து பழகியவர் போல, இரண்டு கையையும் முட்டிமேல் வைத்துக்கொண்டு.

"அந்த ரூம்ல போட்ட பலகையப் பத்தி எங்கப்பா உங்ககிட்ட ஒண்ணு சொல்ல வேண்டியிருந்துச்சு" என்றாள்.